த்ரீ ஃபேஸ் வீட்டுக்கு ஓவர் வோல்டேஜ் ரிலே: தேர்ந்தெடுப்பது, வயரிங், செட்டிங், டெஸ்ட்

எம்.சி.பி. இருக்கிறது, ஆர்.சி.சி.பி. இருக்கிறது, அப்புறம் எப்படி டிவியும் ஃப்ரிட்ஜும் ஒரே நேரத்தில் போயின என்று கேட்பவர்கள் நிறைய. இரண்டுமே வோல்டேஜைப் பார்ப்பதில்லை, அதுதான் காரணம். எம்.சி.பி. அளவுக்கு மீறிய கரண்ட்டைப் பார்க்கிறது, ஆர்.சி.சி.பி. கசியும் கரண்ட்டைப் பார்க்கிறது. 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 380 வந்தால் ஒரு பொருள் உள்ளே வெந்து ஷார்ட் ஆகும்வரை எம்.சி.பி.க்கு எதுவும் தெரியாது. வோல்டேஜைக் கவனித்துக்கொண்டே இருக்கும் ஒரு ரிலேயும், மீறினால் அது சொன்னபடி வீட்டையே லைனிலிருந்து பிரித்துவிடும் காண்டாக்டர் என்ற பெரிய சுவிட்சும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும்.

தமிழ்நாட்டில் த்ரீ ஃபேஸ் சர்வீஸ் உள்ள வீடு அல்லது சின்னப் பட்டறையை மனதில் வைத்து எழுதுகிறேன். வயரிங்கைத் தொடுவது லைசென்ஸ் உள்ள வயர்மேனாக இருக்கட்டும். மீட்டர் சீலையும் அதற்கு முந்தைய பகுதியையும் யாரும் தொடக் கூடாது. வேலையை நீங்கள் கையால் செய்யாவிட்டாலும் இதைத் தெரிந்துகொண்டு பக்கத்தில் நில்லுங்கள். ரிலேயைப் பொருத்தியும் காப்பாற்றாமல் போன பல போர்டுகளில் பொருள் நன்றாகத்தான் இருந்தது, இணைத்த இடம்தான் தப்பு.

1. எந்த ஹை வோல்டேஜ் என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்

இடி விழும்போது வருவது மைக்ரோ செகண்ட் கணக்கில் வந்து போகும் சர்ஜ். எந்த ரிலேயும் காண்டாக்டரும் அந்த வேகத்தில் திறக்காது. அதற்கு எஸ்.பி.டி. என்ற, சர்ஜை எர்த்துக்குத் திருப்பும் தனிச் சாதனமும் நல்ல எர்த்தும் வேண்டும். "ரிலே போட்டாச்சு, இனி இடிக்குக் கவலை இல்லை" என்று நினைப்பது தவறு. எஸ்.பி.டி. போட்டவர், நியூட்ரல் போனாலும் அது காப்பாற்றும் என்று நினைப்பதும் அதே அளவு தவறு. நொடிக்கணக்கில் நீடிக்கும் ஹை வோல்டேஜை அதற்குள் இருக்கும் எம்.ஓ.வி. (வோல்டேஜ் மீறினால் கரண்ட்டைக் கடத்திவிடும் பாகம்) தாங்காது, சூடாகிக் கருகும்.

ரிலேக்கு உரிய எதிரி, நீடித்து நிற்கும் ஹை வோல்டேஜ். இதில் ஆளைச் சாய்ப்பது நியூட்ரல் அறுவதுதான். கணக்காகவே பார்த்துவிடுங்கள். மூன்று ஃபேஸுக்கும் ஆர், ஒய், பி என்று பெயர். ஆர் ஃபேஸில் 2000 வாட் கெய்சர் ஓடுகிறது, அதன் மின்தடை சுமார் 26 ஓம். ஒய் ஃபேஸில் எல்லாம் சேர்த்து 100 வாட் அளவுக்கு விளக்கும் டிவியும், அது சுமார் 529 ஓம். பி ஃபேஸில் எதுவும் ஓடவில்லை. இப்போது போஸ்ட்டிலிருந்து வரும் நியூட்ரல் அறுந்தால் கெய்சரும் டிவியும் 400 வோல்ட்டுக்குக் குறுக்கே தொடராக மாட்டிக்கொள்கின்றன. வோல்டேஜ் மின்தடையின் விகிதத்தில் பிரியும். கெய்சருக்கு 19 வோல்ட், டிவி இருக்கும் பக்கத்துக்கு 381 வோல்ட். லோடு குறைவாக இருக்கும் ஃபேஸில்தான் பொருள்கள் வேகும், விலை உயர்ந்த எலக்ட்ரானிக்ஸ் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

11 கேவி லைன் அறுந்து, வீடுகளுக்கு வரும் எல்.டி. லைன் மேல் விழுவது வேறு கதை. அந்த அளவு வோல்டேஜை வீட்டுக் காண்டாக்டரால் நம்பிக்கையாகப் பிரிக்க முடியாது.

2. எதையும் வாங்குமுன் உங்கள் லைனை அளந்து எழுதுங்கள்

நல்ல மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு மூன்று ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே காலை, மாலை ஆறு மணிக்கு மேல், நள்ளிரவு என்று ஒரு வாரம் அளந்து எழுதி வையுங்கள். எல்லோரும் தாண்டிப்போகும் படி இது. பிறகு வரும் தொல்லைகளில் பாதி இங்கேதான் தொடங்குகிறது.

ஏன் என்றால், தெருவில் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் 11 கேவியை 433 வோல்ட்டாக மாற்றுவது. லோடு இல்லாத நேரத்தில் ஒரு ஃபேஸுக்கு அது 250 வோல்ட். டிரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்து வீடாக இருந்தால் இரவு ஒரு மணிக்கு 245, 250 சாதாரணமாக நிற்கும். இதை அளக்காமல் ரிலேயை 250-ல் வைத்தால் தினமும் நடுராத்திரியில் கரண்ட் போகும். நான்காவது நாள் யாராவது ரிலேயை பைபாஸ் செய்துவிடுவார்கள், அத்தோடு பாதுகாப்பு முடிந்தது. லைனின் கடைசியில் இருக்கும் வீட்டில் நேர்மாறு: மாலையில் 190 வரை இறங்கும், அப்போது லோ வோல்டேஜ் செட்டிங்கில் கவனம் வேண்டும்.

3. ரிலே: நியூட்ரல் டெர்மினல் இருக்கிறதா என்று பாருங்கள்

கடையில் "த்ரீ ஃபேஸ் வோல்டேஜ் ரிலே" என்று கேட்டால் இரண்டு வகையும் கொடுப்பார்கள். ஒன்றில் மூன்று ஃபேஸ் டெர்மினல் மட்டும் இருக்கும், இன்னொன்றில் அதோடு என் என்று ஒரு டெர்மினலும் இருக்கும். வீட்டுக்கு இரண்டாவதுதான் வேண்டும், இதில் சமரசம் கிடையாது. நியூட்ரல் அறுந்தாலும் ஆர்-ஒய், ஒய்-பி, பி-ஆர் மூன்றும் அப்படியே 400 வோல்ட்டாக நிற்கும். மூன்று வயர் ரிலே பார்ப்பது அந்த மூன்றை மட்டும்தான். ஒய் ஃபேஸில் டிவி வெந்துகொண்டிருக்கும்போது ரிலேயில் பச்சை விளக்கு நிம்மதியாக எரியும்.

பம்ப்செட்டுக்கு மட்டும் என்றால் மூன்று வயர் வகையே போதும். த்ரீ ஃபேஸ் மோட்டாருக்கு நியூட்ரல் தேவையில்லை, அங்கே பயம் சிங்கிள் ஃபேஸிங்கும் (ஒரு ஃபேஸ் போய்விடுவது) ஃபேஸ் வரிசை மாறுவதும்தான். ஸ்டார்ட்டர் பெட்டியில் மாட்டிய அதே ரிலேயைக் கழற்றி வீட்டு மெயின் போர்டில் மாட்டும் பழக்கம் அங்கிருந்துதான் வருகிறது.

கூடவே இதையெல்லாம் பேக்கிங்கில் தேடுங்கள். ஒவ்வொரு ஃபேஸையும் நியூட்ரலோடு தனித்தனியாக அளக்க வேண்டும், மூன்றின் சராசரியை எடுக்கக் கூடாது. ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 400 வோல்ட்டுக்கு மேல் வந்தாலும் ரிலே உயிரோடு இருக்க வேண்டும், இல்லையென்றால் காப்பாற்ற வேண்டியதே முதலில் போய்விடும். ஓவர் வோல்டேஜுக்கு இரண்டு நிலை செட் செய்ய முடிந்தால் நல்லது. தானாக மீள்வதை நிறுத்தி, கையால் ரீசெட் செய்யும்படி மாற்ற வசதி இருக்க வேண்டும். கடைசி இரண்டும் எதற்கு என்பது 6, 7 படிகளில் வரும்.

4. காண்டாக்டர்: ரிலே முடிவு செய்யும், வெட்டுவது இதுதான்

ரிலேக்குள் இருக்கும் காண்டாக்ட் பெரும்பாலும் 5 ஆம்பியர் அளவு. வீட்டு லோடை அதன் வழியாக விட முடியாது. அது காண்டாக்டரை உள்ளே இழுக்கும் காயிலை மட்டும் ஆன், ஆஃப் செய்யும். வீட்டுக்கு மூன்று போல் காண்டாக்டர் (மூன்று வயரைச் சேர்த்து வெட்டுவது) எடுங்கள், மெயின் எம்.சி.பி. எத்தனை ஆம்பியரோ அதற்குக் குறையாத அளவில். காண்டாக்டரில் ஏ.சி.1, ஏ.சி.3 என்று இரண்டு அளவு எழுதியிருக்கும். ஹீட்டர் மாதிரி லோடுக்கு முதலாவது, மோட்டாருக்கு இரண்டாவது. கடைக்காரர் சொல்லும் பெரிய எண் பெரும்பாலும் ஏ.சி.1. ஏ.சி., போர்வெல் எல்லாம் உள்ள வீட்டில் ஏ.சி.3 எண்ணைப் பார்த்து வாங்குவதுதான் எனக்குப் பிடித்தது. கொஞ்சம் காசு கூட ஆகும், காண்டாக்ட் ஒட்டிக்கொள்ளாது. ஒட்டிய காண்டாக்டரை எந்த ரிலேயாலும் திறக்க முடியாது.

காயில் வோல்டேஜைக் கேட்டு வாங்குங்கள். 230 வோல்ட் காயிலும் 415 வோல்ட் காயிலும் வெளித்தோற்றத்தில் ஒன்றுதான். 415 காயிலை இரண்டு ஃபேஸுக்கு இடையே போட்டால் நியூட்ரல் அறுந்தாலும் அது அசையாது என்பது உண்மை, ஆனால் பல ரிலேக்களின் காண்டாக்ட் 250 வோல்ட்டுக்குத்தான் மதிப்பிடப்பட்டிருக்கும். அந்த எண்ணைப் பார்க்காமல் 415 காயிலைத் தொங்கவிடாதீர்கள். சந்தேகம் இருந்தால் 230 காயில்.

நான்கு போல் காண்டாக்டர் போட்டு நியூட்ரலையும் சேர்த்து வெட்டலாமே என்று தோன்றும். த்ரீ ஃபேஸில் வேண்டாம். நியூட்ரல் போல் மட்டும் தேய்ந்தோ கருகியோ தொடர்பு விட்டால், எந்தப் பிரச்சினைக்குப் பயந்தோமோ அதை நாமே போர்டுக்குள் உருவாக்கியிருப்போம். நியூட்ரல் நேராகப் போகட்டும். சிங்கிள் ஃபேஸ் சர்வீஸில் மட்டும் இரண்டு போல் வைத்து இரண்டையும் வெட்டலாம், அங்கே வோல்டேஜ் பிரிவதற்கு வேறு ஃபேஸ் இல்லை.

5. வயரிங்: எங்கிருந்து எடுக்கிறோம் என்பதுதான் எல்லாம்

மெயினை அணைத்து, கரண்ட் இல்லை என்பதை மீட்டரால் உறுதி செய்யுங்கள். முதலில் கரண்ட் உள்ள ஒரு இடத்தில் மீட்டர் சரியாகக் காட்டுகிறதா என்று பார்த்து, பிறகு வேலை செய்யும் இடத்தில் பார்த்து, மறுபடியும் முதல் இடத்தில் பாருங்கள். டெஸ்டர் ஸ்குரூடிரைவரை மட்டும் நம்பாதீர்கள். இன்வெர்ட்டர், சோலார் இருந்தால் அவற்றையும் தனியே அணைக்க வேண்டும்.

வரிசை இப்படி: மீட்டருக்குப் பிறகு நான்கு போல் மெயின், அடுத்து நான்கு போல் ஆர்.சி.சி.பி., அடுத்து காண்டாக்டர், அடுத்து ஒவ்வொரு ஃபேஸின் எம்.சி.பி.கள்.

ரிலேக்கு மூன்று ஃபேஸையும் ஆர்.சி.சி.பி.க்குப் பிறகு, காண்டாக்டருக்கு முன்னால் எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் 2 ஆம்பியர் ஃபியூஸ் வேண்டும். மெல்லிய வயர் ஷார்ட் ஆனால் மெயின் எம்.சி.பி. விழுவதற்குள் வயர் எரிந்துவிடும். காண்டாக்டருக்குப் பின்னால் எடுத்தால் ஒருமுறை டிரிப் ஆனதும் ரிலேக்கே கரண்ட் போய்விடும், அப்புறம் லைன் சரியானதா என்று அதற்கு எப்படித் தெரியும்? முதல் தடவை ஆன் ஆகவும் ஆகாது.

ரிலேக்கு நியூட்ரலை எங்கிருந்து எடுப்பது என்பதில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள். பக்கத்தில் இருக்கிறதே என்று மெயின் சுவிட்சின் மேல் முனையிலிருந்து எடுத்துவிடுவார்கள். அங்கே நியூட்ரல் நன்றாக இருந்து, மெயினின் நியூட்ரல் போலிலோ ஆர்.சி.சி.பி.யின் நியூட்ரல் திருகிலோ தொடர்பு விட்டால், வீட்டு லோடுக்கு நியூட்ரல் இல்லை, ரிலேக்கு மட்டும் இருக்கிறது. அது எல்லாம் சரி என்றே சொல்லும். ரிலேயின் நியூட்ரலை லோடுகளின் நியூட்ரல் சேரும் அதே நியூட்ரல் லிங்க்கிலிருந்து, உள்ளே வரும் வயருக்கு எதிர்முனைத் திருகில், தனி வயராக எடுங்கள். பொருள்கள் எந்த நியூட்ரலை நம்பியிருக்கின்றனவோ அதையே ரிலேயும் பார்க்க வேண்டும்.

ரிலேக்கும் காயிலுக்கும் போகும் ஃபேஸும் நியூட்ரலும் ஆர்.சி.சி.பி.க்கு ஒரே பக்கம் இருக்க வேண்டும். ஃபேஸை முன்னாலும் நியூட்ரலைப் பின்னாலும் எடுத்தால் அந்தச் சிறு கரண்ட்டே கசிவாகத் தெரியும், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. காரணமில்லாமல் விழ ஆரம்பிக்கும்.

காயில் சுற்று: ஒரு ஃபேஸ், ஃபியூஸ், ரிலேயின் காமன் (பொது முனை), அங்கிருந்து நார்மலி ஓப்பன் (கரண்ட் இல்லாதபோது திறந்திருக்கும் முனை), அங்கிருந்து காயிலின் ஏ1. ஏ2 நியூட்ரல் லிங்க்குக்கு. லைன் நன்றாக இருக்கும்போது ரிலே உள்ளே இழுத்து இந்தக் காண்டாக்டை மூடி வைத்திருக்கும். டிரிப் ஆனாலும், ரிலே செத்தாலும், ஃபியூஸ் போனாலும் காண்டாக்டர் திறந்துகொள்ளும். டிரிப் ஆகும்போது மட்டும் உள்ளே இழுக்கும் வகை ரிலேயை நார்மலி குளோஸ்டில் (கரண்ட் இல்லாதபோது மூடியிருக்கும் முனையில்) இணைத்தால் செத்த ரிலேயும் நல்ல ரிலே மாதிரியே தெரியும், வருடக்கணக்கில் யாருக்கும் தெரியாது. மாட்டுமுன் மீட்டரில் பீப் வைத்துப் பாருங்கள்: கரண்ட் இல்லாதபோது காமனுக்கும் நார்மலி ஓப்பனுக்கும் இடையே சத்தம் வரக் கூடாது.

பைபாஸ் சுவிட்ச் கேட்பார்கள். நான் போடச் சொல்வதில்லை, ஒரு நாள் அவசரத்துக்குத் திருப்பியது அப்படியே நிற்கும்.

6. செட்டிங்: எவ்வளவு, எத்தனை நொடியில்

ஓவர் வோல்டேஜ் முதல் நிலை: 265 முதல் 270 வோல்ட், 1 அல்லது 2 நொடி தாமதம். 230-க்கு மேல் பத்து சதவீதம் 253. அதற்குக் கீழே வைத்தால் நள்ளிரவு டிரிப்தான். மேல் எல்லைக்கும் காரணம் இருக்கிறது: டிவி, சார்ஜர், எல்.இ.டி. டிரைவர் இவற்றின் முதல் கெப்பாசிட்டர் பெரும்பாலும் 400 வோல்ட் டி.சி. தாங்கும் வகை, 283 வோல்ட் ஏ.சி. வந்தாலே அதன் உச்சம் 400-ஐத் தொட்டுவிடும். உள்ளே இருக்கும் எம்.ஓ.வி. பலவற்றில் 275 வரைதான் தொடர்ந்து தாங்கும். ஹீட்டர் மாதிரிப் பொருளுக்கு 270 வோல்ட் என்றால் 38 சதவீதம் கூடுதல் வெப்பம்.

இரண்டாம் நிலை: 300 வோல்ட், 0.1 நொடி. வோல்டேஜ் கூடக்கூட நேரம் குறைய வேண்டும். ஐரோப்பாவின் இ.என். 50550 தரம் இதைத் தெளிவாகச் சொல்கிறது: 255 வோல்ட்டில் டிரிப் ஆகவே கூடாது, 275-ல் 3 முதல் 15 நொடிக்குள், 300-ல் 1 முதல் 5 நொடிக்குள், 350-ல் 0.25 முதல் 0.75 நொடிக்குள், 400-ல் 0.07 முதல் 0.2 நொடிக்குள் வெட்ட வேண்டும். உங்கள் ரிலேயில் ஒரே ஒரு தாமதம்தான் இருக்கிறது என்றால் அதை 0.5 நொடிக்கு மேல் ஏற்றாதீர்கள். "அடிக்கடி விழுகிறது" என்று 5 நொடி வைத்துக்கொடுத்த போர்டைப் பார்த்தால் எனக்குப் பதறும். 380 வோல்ட்டில் 5 நொடி என்பது ஒரு சார்ஜருக்கு மிக நீண்ட நேரம். அடிக்கடி விழுந்தால் வோல்ட் எண்ணை 270 வரை நகர்த்துங்கள், நேரத்தை நீட்டாதீர்கள்.

லோ வோல்டேஜ்: 180, தாமதம் 5 நொடி. போர்வெல் மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது வரும் சரிவுக்கு டிரிப் ஆகாமலிருக்க இந்த நேரம். இது காண்டாக்டருக்கும் நல்லது, அரைகுறை வோல்டேஜில் காயில் கடகடவென்று துடித்துக் காண்டாக்டைக் கெடுப்பது நிற்கும்.

மீளும் வித்தியாசம் 5 முதல் 10 வோல்ட். 270-ல் டிரிப் ஆனால் 260-க்குக் கீழே வந்த பிறகே சரியானதாக எடுத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் எல்லையில் நின்று ஆன், ஆஃப் ஆகும். மீண்டும் ஆன் ஆக 3 நிமிடம். ஃப்ரிட்ஜ், ஏ.சி. கம்ப்ரசருக்குள் அழுத்தம் சமமாக அவ்வளவு நேரம் வேண்டும்.

7. தானாக ரீசெட் ஆகட்டுமா?

சிங்கிள் ஃபேஸ் வீட்டில் ஆகட்டும். த்ரீ ஃபேஸில் ஓவர் வோல்டேஜுக்கு மட்டும் கையால் ரீசெட் என்று வையுங்கள். காரணம் கொஞ்சம் நுணுக்கமானது, ஆனால் முக்கியமானது.

உங்கள் வீட்டு சர்வீஸ் வயரில் மட்டும் நியூட்ரல் அறுந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ரிலே டிரிப் செய்கிறது, லோடெல்லாம் விலகுகிறது. இப்போது அந்த அநாதை நியூட்ரலில் மிச்சம் இருப்பது ரிலேயின் உள்சுற்று மட்டும். மூன்று ஃபேஸிலும் அதன் மின்தடை ஏறக்குறைய சமம் என்றால் மூன்றும் 230 பக்கமாகவே தெரியும். ரிலே லைன் சரியாகிவிட்டதாக நம்பி, 3 நிமிடம் கழித்து லோடைச் சேர்க்கும். அடுத்த கணம் மறுபடி 380. மறுபடி டிரிப். வீட்டில் ஆள் இல்லாத நாளில் இது மணிக்கு இருபது தடவை நடக்கும், ஒவ்வொரு தடவையும் பொருள்களுக்கு ஒரு அடி. சில ரிலேக்களில் மூன்று முறை முயன்ற பிறகு நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும் வசதி இருக்கிறது. அந்த முயற்சி எண்ணிக்கையை மாற்ற முடிந்தால் ஒன்று என்று வையுங்கள்.

ஃப்ரிட்ஜில் சாமான் கெட்டுவிடுமே என்பார்கள். லோ வோல்டேஜுக்கும் ஃபேஸ் போனதற்கும் தானாக மீளட்டும், அவைதான் அடிக்கடி வருபவை.

8. டெஸ்ட் செய்யாமல் மூடாதீர்கள்

பட்டனை அழுத்தினால் டிரிப் ஆகிறது என்பது காயில் சுற்று சரி என்பதற்கு மட்டுமே சாட்சி. அளவு சரியா என்று பார்க்க 0-270 வோல்ட் டிம்மர்ஸ்டாட் (வோல்டேஜை ஏற்றி இறக்கும் டிரான்ஸ்ஃபார்மர்) வேண்டும்.

லோடு எம்.சி.பி. எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். மெயினையும் அணைத்து, ரிலேயின் ஆர் டெர்மினல் வயரைக் கழற்றி, டிம்மர்ஸ்டாட்டின் உள்முனைக்கு அதே ஆர் ஃபேஸும் நியூட்ரலும், வெளிமுனையிலிருந்து ரிலேயின் ஆர் டெர்மினலுக்கு ஒரு வயர். ஒய், பி இரண்டும் இருந்தபடியே இருக்கட்டும், அவற்றைக் கழற்றினால் ஃபேஸ் இல்லை என்று ரிலே வேறு காரணத்துக்கு விழும். டிம்மர்ஸ்டாட் 270-க்கு மேல் போகாது, அதனால் செட்டிங்கைத் தற்காலிகமாக 250-க்கு இறக்கி, ரீசெட்டையும் தானாக மீளும்படி மாற்றி, மெயினை ஆன் செய்து, 230-இல் தொடங்கி மெதுவாக ஏற்றுங்கள். மீட்டரில் எந்த எண்ணில் விழுகிறது, இறக்கும்போது எந்த எண்ணில் மீள்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். ஓரிரண்டு வோல்ட் வித்தியாசம் சரி, பத்து வோல்ட் என்றால் ரிலேயைத் திருப்பிக் கொடுங்கள். ஒய், பி இரண்டுக்கும் இதையே செய்யுங்கள், ஒரு ஃபேஸை மட்டும் பார்த்துவிட்டு மூடுவது வழக்கமான சோம்பல். டிம்மர்ஸ்டாட்டின் வெளிமுனை லைனிலிருந்து பிரிக்கப்பட்டதல்ல, பூஜ்யத்தில் இருந்தாலும் தொடாதீர்கள்.

முடிந்ததும் செட்டிங்கையும் ரீசெட்டையும் பழைய நிலைக்குக் கொண்டுவந்தீர்களா என்று இன்னொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். லோடு ஓடும்போது நியூட்ரலைக் கழற்றி "நிஜமாகவே" டெஸ்ட் செய்கிறேன் என்று யாராவது சொன்னால் அவரிடமிருந்து ஸ்குரூடிரைவரை வாங்கிவிடுங்கள்.

9. ஒருநாள் விழுந்தால் என்ன செய்வது

ரீசெட் பட்டனில் கை வைக்காமல் மீட்டரை எடுங்கள். லோடு எம்.சி.பி.களை அணைத்துவிட்டு ஆறு அளவுகள்: மூன்று ஃபேஸும் நியூட்ரலோடு, மூன்று ஃபேஸும் ஒன்றோடொன்று. ஃபேஸுக்கு ஃபேஸ் மூன்றும் 400 பக்கம் இருந்து, நியூட்ரலோடு ஒன்று 150, ஒன்று 310 என்று கோணலாக இருந்தால் நியூட்ரல் போய்விட்டது. ஆறுமே விகிதமாக உயர்ந்திருந்தால் லைனே ஹை வோல்டேஜில் இருக்கிறது. ஆறும் சரியாக இருந்தாலும் 7-ல் சொன்ன காரணத்தால் நம்ப வேண்டாம், வயர்மேன் ஒரு ஃபேஸில் ஒரே ஒரு பழைய குண்டு பல்பை மட்டும் போட்டுப் பார்க்கட்டும், அந்த ஃபேஸின் வோல்டேஜ் சட்டென்று சரிந்து மற்றவை ஏறினால் நியூட்ரல் தொடர்பு இல்லை என்று அர்த்தம்.

போஸ்ட் பக்கம் என்று தெரிந்தால் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் 94987 94987-க்குச் சொல்லிவிட்டு, பக்கத்து வீடுகளுக்கும் சொல்லுங்கள், போஸ்ட்டில் அறுந்திருந்தால் அவர்களுக்கும் இதே நிலைதான். அதுவரை நியூட்ரலையும் வீட்டு எர்த்தையும் சேர்த்து ஓட்டும் வேலையைச் செய்யவே கூடாது. தெருவின் நியூட்ரல் கரண்ட் உங்கள் எர்த் குழி வழியாகப் போகப் பார்க்கும், வீட்டில் எர்த் செய்த ஒவ்வொரு பொருளின் உடம்பிலும் வோல்டேஜ் ஏறும். பொருளைக் காப்பாற்றப் போய் ஆளை இழக்கும் வழி அது.

உங்கள் போர்டுக்குள் என்றால் முதலில் பார்க்க வேண்டியது உள்ளே வரும் நியூட்ரலின் முனை. அலுமினிய வயரை நேராகத் தாமிர முனையில் திருகியிருந்தால் அது காலப்போக்கில் அரித்து, சூடாகி, தளர்ந்துவிடும். நிறம் மாறிய இன்சுலேஷன், வெள்ளைப் பொடி, உருகிய பிளாஸ்டிக் வாசனை, இதில் ஏதாவது ஒன்று இருக்கும். கருகிய பகுதியை வெட்டி எறிந்து, இரண்டு உலோகத்துக்கும் பொருந்தும் பைமெட்டல் லக்கை (வயர் முனையில் மாட்டும் உலோகக் கூடு) அழுத்திக் கிரிம்ப் செய்து திருகுங்கள். மூன்று மாதத்தில் ஒருமுறை மெயினை அணைத்து அந்தத் திருகை மட்டுமாவது இறுக்கிப் பாருங்கள், அதே நாளில் ரிலேயின் டெஸ்ட் பட்டனையும் அழுத்திவிடலாம்.